புள்ளி தெரியும் முன்னே

(கம்பளையில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

கொல்லையில் கோப்பி நிற்கிற வீடுகள் கம்பளையில் இன்னும் உண்டு. பலா நிழலில், மிளகுக் கொடிக்கும் வாழைக்கும் நடுவே, யாரும் நட்டதாக நினைவில்லாத இரண்டு மூன்று செடிகள். அடிக்கிளையில் முதிர்ந்த இலை ஒன்றைப் பறித்துத் திருப்பிப் பார்த்தால், பல தடவைகளில் அதன் முதுகில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பொடி இருக்கும். விரலால் தொட்டால் மஞ்சள் தூள் போல ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்காரர் அதைக் கவனிப்பதில்லை. மரம் காய்க்கிறது, வீட்டுக்கு வேண்டிய கோப்பி கிடைக்கிறது, அவ்வளவு போதும்.

கவனிக்கப்படாத இந்தப் பொடிதான் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாட்டின் முதன்மைப் பயிரைச் சாய்த்தது. ஒரு வங்கியும் அந்தச் சரிவோடு போனது. வந்து போய்க்கொண்டிருந்த தமிழ்க் கூலியாட்கள் இந்த மலைகளில் நிரந்தரமாகத் தங்கியதற்கும் அதில் ஒரு பங்கு உண்டு. இந்தப் பொடியும் ஒரு துரு நோய்தான். ஆகவே கோதுமையின் துரு நோயைப் பற்றிப் பேச வந்தாலும் கம்பளையில் நின்று பேசுகிறவர் கோப்பியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

இலங்கையில் தோட்ட முறைக் கோப்பிப் பயிர் நிலைத்து நின்றது இந்த ஊரருகேதான். 1824இல் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கு அருகே, ஆங்கிலப் பதிவுகள் சின்னப்பிட்டிய என்று குறிக்கிற இடத்தில், தோட்டம் திறந்தார். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் பேராதனைக்கு எதிர்க்கரையில் கன்னொறுவையில் தானும் ஒன்றைத் தொடங்கினார். தேசாதிபதியே தோட்டக்காரர் என்றால் கேட்பானேன்? கோப்பிக்கான ஏற்றுமதித் தீர்வை நீக்கப்பட்டது, பாதைகள் வெட்டப்பட்டன, படை அதிகாரிகளும் அரச உத்தியோகத்தரும் காணி வாங்கினார்கள். புசல்லாவை, கொத்மலை, ஹேவாஹெட்ட, அப்பால் பதுளை வரை காடு விழுந்தது. 1867இல் கண்டியை எட்டிய ரயில் 1874இல் கம்பளையைத் தாண்டி நாவலப்பிட்டிக்குப் போனது. மலையிலிருந்து கோப்பியை இறக்குவதற்கென்றே போடப்பட்ட பாதை அது. 1870களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி இறாத்தல் கோப்பி இத்தீவிலிருந்து கப்பலேறியது.

காடு என்றால் நூறு வகை மரம். தோட்டம் என்றால் ஒரே செடி, அடுத்த மலையிலும் அதே செடி, அதற்கடுத்த மலையிலும் அதுவே.

1869ஆம் ஆண்டு மே மாதம் மடுல்சீமையில் ஒரு தோட்டத்துக் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் புள்ளிகள் தென்பட்டன. இலைகள் பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்கு வந்தன. அப்போது பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஜோர்ஜ் துவைட்ஸ் அவற்றை இங்கிலாந்திலிருந்த மைல்ஸ் பெர்க்லிக்கு அனுப்பினார். பெர்க்லி ஒரு பாதிரியார். பங்கசுகளைப் பார்ப்பது அவருக்குப் பூசைக்கு அடுத்த வேலை. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்கள் அழுகியபோது, அழுகலுக்குக் காரணம் பங்கசுதான் என்று பெரும்பாலோர் நம்ப மறுத்த காலத்தில் எழுதியவர் அவர். மடுல்சீமை இலையை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது அதுவரை யாரும் விவரிக்காத ஒரு பங்கசு தெரிந்தது. அதன் வித்தி ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் முள் முள்ளாகவும் இருந்தது. பாதி வழவழப்பு என்ற பொருளில் 'ஹெமிலியா' என்றும், பாழாக்குவது என்ற பொருளில் 'வஸ்டாட்ரிக்ஸ்' என்றும் பெர்க்லியும் அவருடைய தோழர் புரூமும் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் அதே ஆண்டு நவம்பரில் அச்சேறியது. நோய் பரவி முடியும் முன்னரே பாழாக்குவது என்று பெயரிட்டது தீர்க்கதரிசனம்தான். தோட்டத்துத் துரைமார் லத்தீனோடு மல்லுக்கட்டாமல் அதை 'டெவஸ்டேட்டிங் எமிலி' என்று ஒரு பெண்ணாக்கிக்கொண்டார்கள். பழியைப் போட ஒரு பெண் பெயர் கிடைத்துவிட்டது.

பெயர் தெரிந்த பிறகு என்ன செய்தார்கள்? இன்னும் அதிகமாக நட்டார்கள். இந்தக் கதையிலேயே நம்புவதற்குக் கடினமான பகுதி இதுதான். 1870களில் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்தது. ஏக்கருக்கான விளைச்சல் குறைந்தாலும் கைக்கு வந்த பணம் குறையவில்லை. மண் களைத்துவிட்டது என்றார்கள், பருவம் பிசகிவிட்டது என்றார்கள், உரத்தை அள்ளிப் போட்டார்கள். இலை உதிர்ந்து மறுபடி துளிர்க்கிற ஒவ்வொரு தடவையும் நோய் போய்விட்டது என்று நம்பினார்கள். 1878இல் கோப்பி நின்ற நிலம் சுமார் 275,000 ஏக்கர். அதுதான் உச்சம், நோய் கண்டு ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்த உச்சம்.

பேராதனையில் டானியல் மொரிஸ் கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தார். அவர் வேறு நாட்டுக்குப் போனபின் 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் வந்து சேர்ந்தார். வயது இருபத்தைந்து. வேலை இரண்டே ஆண்டுகளுக்கு. துரைமார் அவரிடம் எதிர்பார்த்தது ஒரு மருந்து. அவர் தந்தது ஒரு விளக்கம்.

வார்ட் செய்த வேலை இன்றைக்கும் சொல்லித் தீராதது. கண்ணாடித் துண்டுகளில் கிளிசரின் தடவிக் கோப்பிச் செடிகளுக்கிடையே வைத்தார். சில நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் பசையில் அந்தப் பாதி வழவழப்பான வித்திகள் ஒட்டியிருந்தன. கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் போய்க்கொண்டிருந்தவை கண்ணாடியில் அகப்பட்டன. நோய் மண்ணிலிருந்தும் வரவில்லை, செடியின் களைப்பிலிருந்தும் வரவில்லை, காற்றில் வருகிறது என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. பிறகு வித்திகளை நல்ல இலைகளில் தூவி, நாள் எண்ணிக்கொண்டு காத்திருந்தார். இலையில் ஒரு துளி நீர் நின்றால்தான் வித்தி முளைக்கும். முளைத்த இழை இலையின் அடிப்புறத்து இலைவாய் வழியே உள்ளே போகும். உள்ளே இருந்து இலையைத் தின்னும். ஏறக்குறைய இரண்டு வாரம் வெளியே ஒன்றும் தெரியாது. அதன் பிறகே மஞ்சள் புள்ளி. அதற்கும் பிறகு பொடி, பொடியில் ஆயிரக்கணக்கில் புதிய வித்திகள், மறுபடி காற்று.

இந்த இரண்டு வாரத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. புள்ளியைப் பார்த்துத் தோட்டக்காரர் கவலைப்படத் தொடங்கும் நாளில், அந்த இலையில் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. மருந்து என்று ஒன்று இருந்தால் அது வித்தி இலைக்குள் நுழையும் முன்னர், இலையின் மேல் காத்திருக்க வேண்டும். வார்ட் இதைத் தெளிவாக எழுதினார். ஒரே செடியை மலை மலையாக நட்டதே வித்திக்கு விரித்த பாய் என்றும் எழுதினார். காற்றைத் தடுக்க இடையிடையே மர வரிசைகள் வேண்டும் என்றார். காடு முழுவதையும் வெட்டித் தீர்த்தவர்களிடம் மரம் நடச் சொன்னால் எப்படி இருக்கும்? கம்பளையின் அம்புலுவாவ கோபுரத்தில் ஏறி நின்று காற்று வாங்கியவர்களுக்கு, இந்த மலைகளில் காற்றுக்கு வேலி போடுவதென்றால் என்னவென்று தெரியும்.

1882இல் வார்ட் புறப்பட்டுப் போனார். மருந்து சொல்லாத ஆய்வாளர் என்ற பேச்சுத்தான் பின்னால் நின்றது. அவர் போய் மூன்றாவது ஆண்டில், 1885இல், பிரான்சில் பியர் மில்லார்டே திராட்சையின் இலை நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த நீரைப் பரிந்துரைத்தார். போர்டோக் கலவை என்று உலகம் முழுவதும் பரவிய அந்த நீல நீர், வார்ட் கேட்ட அதே குணம் உடையது. இலையின் மேல் படலமாக நின்று வித்தியை முளைக்குமுன் கொல்லும். பின்னாளில் பல நாடுகளில் கோப்பியைக் காப்பாற்றியதும் செம்பு சேர்ந்த மருந்துகளே. கண்டி மலைகளுக்கு அது பிந்திவிட்டது. 1884 மே மாதத்தில் ஒரியண்டல் பாங்க் கோர்ப்பரேஷன் கதவை மூடியிருந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த வங்கி அது. அதன் நோட்டுகள் கையில் இருந்தவர்களுக்கு அவை வெறும் காகிதமாகாமல் இருக்கத் தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அரசாங்கத்தின் பெயரால் பொறுப்பேற்க நேர்ந்தது. 1889இல் ஏற்றுமதி சுமார் 50 இலட்சம் இறாத்தலுக்கு இறங்கியது. இருபதில் ஒரு பங்கு. பட்ட கோப்பி மரங்களைச் சீவி, தேநீர் மேசைகளுக்குக் கால் செய்ய இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்றொரு கதை உண்டு. அடுத்து வந்த பயிருக்கு இறந்த பயிர் மேசைக் காலானது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

நட்டக் கணக்கை எழுதியவர்கள் துரைமார், வங்கிக்காரர், லண்டன் தரகர்கள். கங்காணியின் பின்னால் மன்னாரிலிருந்து காட்டுப் பாதையில் மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் கணக்கை எழுதியவர்கள் குறைவு. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்க வருவார்கள், பறித்து முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்புவார்கள். வழியிலேயே மடிந்தவர்கள் போக மிஞ்சியவர்கள் மறு ஆண்டும் வருவார்கள். கோப்பி விழுந்தபோது சம்பளப் பாக்கி நின்றது, பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். அதன் பிறகு வந்த தேயிலைக்குப் பருவமில்லை. கொழுந்து வாரந்தோறும் துளிர்க்கும், வாரந்தோறும் கை வேண்டும். ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகக் குடும்பமே வேண்டியிருந்தது. லயங்கள் நிரந்தரமாயின. 2023இல், மலையகத் தமிழரின் இருநூறாண்டை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஜூலை இறுதியில் தொடங்கி ஆகஸ்டில் முடிந்த நடைபயணத்தில் போனவர்கள் பழைய காலடித் தடத்தில் நடந்தார்கள். வந்து போனவர்கள் வந்து தங்கியவர்கள் ஆனதற்குச் சட்டம், கடன், பஞ்சம் என்று பல காரணங்கள் உண்டு. அந்த வரிசையில் ஒரு பங்கசையும் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தேயிலை, கோப்பி செத்த பிறகு கண்டெடுத்த பயிரல்ல. நோய் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் அதை நட்டிருந்தார். இடையில் சிங்கோனா மரப் பட்டைக்கு ஒரு மோகம் வந்து, எல்லாரும் நட்டதால் விலை விழுந்து, போனது. 1890களின் நடுப்பகுதியில் தேயிலை மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. மறுபடி ஒரே செடி, மலைக்கு மலை. வார்ட்டின் அறிக்கையைப் படித்தவர் யாராவது இருந்திருந்தால் அடுத்த தபாலுக்காகக் காத்திருந்திருப்பார்.

அந்தத் தபால் 1946இல் வந்தது. அஸ்ஸாமில் 1868இலேயே கண்டறியப்பட்ட கொப்புள நோய், அந்த ஆண்டில் தென்னிந்தியத் தேயிலையிலும் இலங்கைத் தேயிலையிலும் தோன்றியது. இளம் இலையில் எண்ணெய் பட்டாற்போல ஒரு சிறு புள்ளி விழும். மேற்புறம் குழியும், அடிப்புறம் வெள்ளைக் கொப்புளமாகப் புடைக்கும். கொப்புளம் முற்றினால் வித்தி பறக்கும். முதிர்ந்த இலையை இந்தப் பங்கசு தொடுவதில்லை. கேட்பது கொழுந்தை மட்டும். தோட்டத்துக்கு வேண்டியதும் கொழுந்துதான். கவ்வாத்து வெட்டிய மலையில் துளிர்ப்பதெல்லாம் இளசு என்பதால் அங்கே அடி பலமாக விழுந்தது.

ஆனால் இந்தத் தடவை கதை வேறு விதமாகப் போனது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலையில் இருந்தது, செம்பு மருந்துகள் இருந்தன. மருந்து எப்போது அடிப்பது என்பதுதான் கேள்வி. மழைக்காலம் முழுவதும் வாரா வாரம் அடித்தால் நோய் நிற்கும், தோட்டம் கடனில் மூழ்கும். இங்கே டி. விஸ்ஸர், என். சண்முகநாதன், ஜே. வி. சபாநாயகம் ஆகிய மூவரும் 1961இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. கொப்புள நோய்க்கும் மழைக்கும் வெயிலுக்கும் உள்ள உறவை அவர்கள் அளந்தார்கள். ஈரமான இலையில் வித்தி முளைக்கும். நேர் வெயில் பட்டால் அதே வித்தி செத்துப்போகும். ஆகவே இலையில் புள்ளியைத் தேடிக்கொண்டிருப்பதை விட, நாளுக்கு எத்தனை மணி நேரம் வெயில் அடித்தது என்று எண்ணினால் போதும். வெயில் குறைந்த நாட்கள் தொடர்ந்தால், இலை சுத்தமாகத் தெரிந்தாலும் மருந்து இறங்க வேண்டும். வார்ட் சொன்ன இரண்டு வார இருட்டுக்குள் எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் கிடைத்தது. அந்த ஜன்னலைத் திறந்தவர்களில் இருவர் தமிழர் என்பது மலையகப் பாடசாலைப் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்றும் உண்டு, ஆய்வேடுகளில் ஓரமாக மட்டும் வருவது. வித்தி விழுந்து கொப்புளம் முற்றிப் பழுக்கக் குறைந்தது பத்துப் பன்னிரண்டு நாளாகும். கொழுந்துச் சுற்று ஒழுங்காக ஏழெட்டு நாளுக்கு ஒரு தடவை வந்தால், நோய் பிடித்த இளம் இலைகளில் பெரும்பாலானவை வித்தி பறக்கும் முன்னரே கூடைக்குள் போய்விடும். கொழுந்து எடுக்கிற பெண்ணின் விரல் மருந்துப் பம்பின் வேலையில் பாதியைச் செய்கிறது. ஆள் பற்றாமல் சுற்று தள்ளிப்போகிற தோட்டத்தில் கொப்புளம் கூடுவதற்கு இதுவே காரணம். இரண்டு கைப்பிடி கொழுந்து குறைந்தால் சம்பளத்தில் வெட்டுகிற கணக்குப் புத்தகத்தில், அந்த விரல் செய்த நோய்த் தடுப்புக்கு ஒரு பத்தி கிடையாது.

மருந்து ஒரு நாள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் இந்த நாடு பார்த்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தோடு பூச்சிநாசினி, பங்கசுநாசினி இறக்குமதியும் தடைசெய்யப்பட்டது. உரம் இல்லாத வயலைப் பற்றி எல்லாரும் பேசினார்கள், செம்பு இல்லாத கொழுந்து மலையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. அந்த ஆண்டு நவம்பரில் தடை தளர்ந்தது.

கோப்பித் துரு இதற்கிடையில் உலகைச் சுற்றி வந்தது. தென்னிந்தியா, சுமாத்திரா, ஜாவா, ஆபிரிக்கா. அத்திலாந்திக்கைத் தாண்ட நூறு ஆண்டுகள் எடுத்தது. 1970இல் பிரேசிலின் பாகியா மாநிலத்தில் தென்பட்டது. 2012இல் மத்திய அமெரிக்காவில் மூண்டு, அடுத்த ஆண்டு குவாத்தமாலாவை அவசரநிலை அறிவிக்க வைத்தது. திமோர் தீவில் தானாகக் கலந்து பிறந்த ஒரு கோப்பி மரத்தின் எதிர்ப்புச் சக்திதான் பிறகு வந்த பல இனங்களுக்கு வேரானது.

இனிக் கோதுமை. கம்பளையில் ஒருவரும் கோதுமை பயிரிடுவதில்லை, ஆனால் காலையில் கோதுமை சாப்பிடாதவரும் குறைவு. லயத்து ரொட்டியும் பேக்கரிப் பாணும் வேறு நாட்டு வயலில் விளைந்து, கப்பலில் திருகோணமலை ஆலைக்கு வந்து மாவானவை. தானியம் விளைகிற வயலில் துரு விழுந்தால் இங்கே பாணின் விலையில் தெரியும்.

கோதுமைக்கு மூன்று துரு. இலையில் கபிலத் துரு, தண்டில் கருந்துரு, வரி வரியாக மஞ்சள் துரு. கோப்பித் துருவுக்குத் தூரத்து உறவுகள். வார்ட்டே இங்கிலாந்து திரும்பிய பின் தன் கடைசி ஆண்டுகளைப் புல்லினத் துருக்களை ஆராய்வதில்தான் கழித்தார். ஐரோப்பாவில் கோதுமைத் தண்டுத் துரு பார்பெரி என்ற முட்செடியில் ஒரு பருவத்தைக் கழிக்கிறது என்று ஜெர்மானியத் தாவரவியலாளர் டி பாரி 1865இல் காட்டியிருந்தார். ஆகவே முட்செடியை வெட்டினால் நோய் குறையும் என்று பல நாடுகளில் வெட்டினார்கள். இந்தியாவிலோ விடை பொருந்தவில்லை. கங்கைச் சமவெளியின் கோடையில் எந்தத் துரு வித்தியும் பிழைக்காது. அப்படியானால் ஒவ்வொரு குளிர்காலமும் நோய் எங்கிருந்து வருகிறது?

ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் கரம் சந்த் மேத்தா இந்தக் கேள்விக்காகவே தன் வாழ்நாளைக் கொடுத்தார். மலை மலையாக ஏறினார். வார்ட்டைப் போலவே கண்ணாடித் துண்டுகளைக் காற்றில் பிடித்து வித்திகளை எண்ணினார். இந்தியாவில் பார்பெரிக்குப் பங்கில்லை என்று கண்டார். துரு கோடையைக் கழிக்கிற இடம் குளிர்ந்த மலைகள், அங்கே ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு பசிய கோதுமைச் செடி நிற்கிறது. வடக்கே இமயமலை. தெற்கே நீலகிரியும் பழனி மலையும். தென்னிந்தியாவுக்கும் மத்திய இந்தியாவுக்கும் கருந்துரு புறப்படுவது ஊட்டிப் பக்கத்துச் சிறு வயல்களிலிருந்து. கபிலத் துரு இரு பக்கத்து மலைகளிலிருந்தும் வருகிறது. 1946–47இல் மத்திய இந்திய வயல்களைத் தண்டுத் துரு தாக்கியது. தேயிலைக்குக் கொப்புளம் வந்த அதே ஆண்டு.

வித்திக்கு வழித்தடம் உண்டென்றால் அந்தத் தடத்தில் காவல் போடலாம். நீலகிரியின் வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் அதற்காகவே இயங்குகிறது. நாடெங்குமிருந்து கோதுமை இனங்களை அங்கே துருவின் வாசலிலேயே விதைத்து, எது நிற்கிறது, எது விழுகிறது என்று பார்க்கிறார்கள். துருவின் பாதை நெடுக ஒரே எதிர்ப்பு மரபணுவை விதைக்காமல், தெற்கில் ஒன்று, நடுவில் வேறொன்று, வடக்கில் இன்னொன்று என்று மாற்றினால், முதல் வாசலை உடைத்து வந்த துரு அடுத்த வாசலில் நிற்க வேண்டியதாகும். வார்ட் மர வரிசையால் கட்ட நினைத்த வேலியை இவர்கள் செடிக்குள்ளேயே கட்டுகிறார்கள். அந்த வேலியும் நிலையல்ல. துருவும் மாறிக்கொண்டே இருக்கிறது. 1990களின் இறுதியில் உகண்டாவில் தோன்றிய ஒரு தண்டுத் துரு இனம், பல நாடுகள் நம்பியிருந்த ஒரு மரபணுவைத் தாண்டிவிட்டது. 2016இல் வங்காளதேசத்தில், அதுவரை ஆசியா அறியாத கோதுமைக் குலை நோய் சுமார் 15,000 ஹெக்டேரில் விழுந்தது. அது துரு அல்ல, தென்னமெரிக்காவில் 1985இல் முதலில் கண்ட வேறொரு பங்கசு.

இந்தியத் தாவர நோயியலாளர் எஸ். நாகராஜனும் அவரோடு பணிபுரிந்தவர்களும் 1970களில் ஒரு படி மேலே போனார்கள். நீலகிரி வித்திகள் வடக்கே போவதற்கு எந்த வானிலை வேண்டும் என்று விதிகளாக எழுதினார்கள். நவம்பர் மாதத்தை ஒட்டி வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவாகி, தென்னிந்தியாவைக் கடந்து, மத்திய இந்தியாவின் மேல் மழையாகக் கரைந்தால், அந்த மழைத் துளிகளோடு வித்தியும் வயலில் இறங்கும். அன்றைக்கு இலையில் ஒன்றும் தெரியாது. நாள் எண்ணத் தொடங்க வேண்டும்.

நவம்பர் மாத இரவில் வானொலி வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று சொல்கையில், கம்பளையில் மண்சரிவுக்குப் பயந்து லயத்து வாசலில் விழித்திருப்பவர்கள் இருப்பார்கள், மகாவலி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஆற்றோரத்தில் டோர்ச் அடித்துப் பார்ப்பவர்கள் இருப்பார்கள். அதே அறிவிப்பைக் கேட்டு, வெலிங்டன் பக்கத்தில் ஒருவர் நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போடுவார். மத்தியப் பிரதேசத்து வயல்களுக்குப் போய் இலை திருப்பிப் பார்க்க இன்னும் இரண்டு மூன்று வாரம் இருக்கிறது.